அம்மா சொல்ற ‘குழு லோன்’ எந்தக் குழு? ஒரே பேரில் ஓடும் இரண்டு கடன்கள், கிராமத்துக்கு உண்மையில் உதவுவது எது?

“நாளைக்கு குழுவுக்கு டியூ கட்டணும், ஒரு ரெண்டாயிரம் போட்டு விடுறியா?”

சென்னை, பெங்களூரு, கோவை என்று வேலைக்கு வந்துவிட்ட பலருக்கும் ஊரிலிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வந்திருக்கும். நாமும் ஜிபேயில் அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். ‘குழு’ என்றால் அரசாங்கத்தின் மகளிர் சுய உதவிக் குழு, குறைந்த வட்டி, பிரச்சினை இருக்காது என்று நாமே நினைத்துக்கொள்வோம்.

அது அந்தக் குழுவாக இல்லாமலும் இருக்கலாம்.

கிராமங்களில் இப்போது ‘குழு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று, கிராமப்புறப் பொருளாதாரத்தை வளர்க்க மத்திய, மாநில அரசுகள் 30 வருடங்களுக்கு மேலாகக் கட்டி வளர்த்த சுய உதவிக் குழு. இன்னொன்று, மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் கடன் கொடுப்பதற்காகச் சேர்க்கும் கூட்டுப் பொறுப்புக் குழு. இரண்டிலும் பெண்கள்தான் உறுப்பினர்கள். இரண்டுக்கும் மீட்டிங் உண்டு, நோட்டு உண்டு, தவணை உண்டு. பல ஊர்களில் இரண்டிலும் அதே பெண்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் முதல் குழுவில் பணத்துக்கு உரிமையாளர் அந்தக் குழு. இரண்டாவதில் பணத்துக்கு அடமானம் அந்தக் குழு.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் “கிராமத்துப் பெண்களுக்கு இத்தனை ஆயிரம் கோடி கடன்” என்ற செய்தியைப் படித்தால் ஒன்றும் புரியாது.

தர்மபுரியில் ஆரம்பித்த கதை

1980-களில் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தந்த முக்கியமான கடன், ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் வந்தது. ஊரில் பெரியவர்களைக் கேட்டால் ‘மாட்டு லோன்’ என்பார்கள். தனி ஆளுக்குக் கடன், அதில் கொஞ்சம் மானியம். மாடு வந்ததோ இல்லையோ, மானியத்துக்காக லோன் வந்தது. பணம் திரும்பி வரவில்லை. ‘ஏழைகளுக்குக் கடன் கொடுத்தால் வராது’ என்று வங்கிகள் முடிவுகட்டிவிட்டன.

அதே காலத்தில் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் வேறொன்றைக் கவனித்தது. பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்துபோன இடங்களில், ஒருவரை ஒருவர் நம்பும் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரிந்த மக்கள் தங்களுக்குள் ஒழுங்காகக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். முதலில் சேமிப்பு, பிறகு அந்தச் சேமிப்பிலிருந்தே கடன். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். சுய உதவிக் குழுவின் விதை அதுதான்.

தமிழ்நாட்டில் இதை அரசே கையில் எடுத்தது. 1983-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை ஆரம்பித்தது. மழை குறைவு, பெண் சிசுக்கொலை என்று அன்று மோசமான காரணங்களுக்காகவே பேசப்பட்ட மாவட்டம் அது. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுவதும் வெறும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது. சொத்து அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை. குழுவின் சேமிப்பும் நோட்டும்தான் ஆதாரம். பணம் திரும்பி வந்தது. 1997-98-ல் தமிழ்நாடு ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் இதை விரிவாக்கியது. 2011-ல் மத்திய அரசு தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தைத் தொடங்கியபோது அதன் அடிப்படையே இந்தக் குழுக்கள்தான்.

இன்று அந்த இயக்கத்தின் கீழ் நாடு முழுவதும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள், 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். வங்கிகள் சுய உதவிக் குழுக்களுக்கு 2023-24-ல் மட்டும் கொடுத்த கடன் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வராக்கடன் 2 சதவீத அளவில்தான். பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன்கள் ஒரு காலத்தில் வங்கிகளை எந்த நிலைக்குக் கொண்டுபோனது என்று நினைவிருப்பவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

ஒரு குழுவில் ஏன் 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? 20 பேரைத் தாண்டி லாபத்துக்காக ஒரு சங்கம் நடத்தினால் பதிவு செய்தாக வேண்டும் என்று பழைய கம்பெனிச் சட்டம் சொன்னது. பதிவு, தணிக்கை, வக்கீல் என்று அலையாமல் இருக்கவே இந்த எல்லை.

இன்னொரு குழு எங்கிருந்து வந்தது?

அது பங்களாதேஷ் வழி. முகமது யூனுஸ் 1983-ல் முறைப்படி நிறுவிய கிராமீன் வங்கி, ஐந்தைந்து பேராகப் பெண்களைச் சேர்த்துக் கடன் கொடுத்தது. ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்களின் அடுத்த கடன் சிக்கலாகும். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்களே ஒருவரை ஒருவர் கட்டவைப்பார்கள். 2006-ல் நோபல் அமைதிப் பரிசு வந்தபோது உலகமே இந்த மாடலைக் கொண்டாடியது. இந்தியாவில் தனியார் நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டு, லாபத்துக்கான தொழிலாக மாற்றின.

இந்தக் குழுவில் பொதுச் சேமிப்பு கிடையாது. பாஸ்புக் குழுவின் பெயரில் இருக்காது. கடன் தனித்தனி ஆளுக்கு. குழு எதற்கு? வசூலுக்கு. ஒருவர் டியூ வரவில்லை என்றால் மீட்டிங் முடியாது. மத்தவங்க எழுந்து போக முடியாது. “நீ போட்டுக் கட்டு, அப்புறம் அவகிட்ட வாங்கிக்கோ” என்று முடியும். ஒரே தெருவில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளின் கணக்கு எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

வட்டி எங்கே போகிறது? ஒரு சின்னக் கணக்கு

12 பேர் கொண்ட ஒரு சுய உதவிக் குழு வங்கியில் 3 லட்சம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை ஆண்டு வட்டி 7 சதவீதம். வித்தியாசத்தை மத்திய அரசு வங்கிக்குக் கொடுத்துவிடும். ஆளுக்கு 25,000. இரண்டு வருடத்தில், மாதத் தவணையில், குறையும் அசலுக்கு 7 சதவீதம் என்றால் ஒருவர் பங்குக்கு மொத்த வட்டி சுமார் 1,860 ரூபாய்.

ஆனால் குழு தன் உறுப்பினருக்கு அதே 7 சதவீதத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பல குழுக்களில் ‘ஒரு ரூபா வட்டி’, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம். அப்போது உறுப்பினர் கட்டும் வட்டி சுமார் 3,240. வங்கிக்குப் போனது போக மீதி 1,380 ரூபாய் குழுவின் கணக்கில் தங்கும். 12 பேருக்கும் சேர்த்தால் 16,000 ரூபாய்க்கு மேல். அது யாருடைய லாபம்? அவர்களுடையதே. அடுத்த வருடம் பள்ளிக்கூட ஃபீஸுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ உள்கடனாகச் சுற்றும்.

இப்போது அதே 25,000-ஐ ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தில் 24 சதவீத வட்டிக்கு வாங்கினால்? மாதம் சுமார் 1,322 ரூபாய், இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 6,720-க்கு மேல். செயல்பாட்டுக் கட்டணமும் காப்பீடும் தனி. வட்டியில் ஒரு ரூபாய்கூட அந்தத் தெருவில் தங்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. “அட, வெறும் 12 சதவீதம்தான்” என்று யாராவது சொன்னால், அது குறையும் அசலுக்கா அல்லது ஃபிளாட்டா என்று கேளுங்கள். ஃபிளாட் 12 என்றால் 25,000-க்கு இரண்டு வருட வட்டி 6,000. நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே இருந்தாலும் வட்டி முழு அசலுக்கும் ஓடும். உண்மை வட்டி ஏறக்குறைய 21.6 சதவீதம்.

இன்னொரு அளவுகோல். 50,000 ரூபாய் கடன் 24 சதவீதத்தில் என்றால் மாதத் தவணை சுமார் 2,644 ரூபாய். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால்கூட வருடத்துக்கு 33,600. மாதத்துக்கு 2,800. (அந்தச் சட்டத்தை மாற்றி 125 நாள் என்று 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது, அது தனிக் கதை.) ஒரே ஒரு லோனின் டியூ, ஒரு திட்டத்தின் மொத்தக் கூலியையும் விழுங்கிவிடுகிறது. பல வீடுகளில் லோன் ஒன்றோடு நிற்பதில்லை.

அப்படியானால் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள்?

‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஊர்ப் பெண்களுக்கு வட்டிக் கணக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள். அஞ்சு வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 60 சதவீதம். அதோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் மலிவு.

பிரச்சினை வேகம். சுய உதவிக் குழு ஆரம்பித்தால் முதலில் சுமார் ஆறு மாதம் ஒழுங்காகக் கூட வேண்டும், சேமிக்க வேண்டும், உள்கடன் கொடுத்து வாங்க வேண்டும், நோட்டு எழுத வேண்டும். அதன் பிறகு தரம் பிரிப்பார்கள். பிறகுதான் வங்கி. ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க.” ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பழைய குழு என்றாலும், அதில் ஒருவர் பாக்கி வைத்திருந்தால் மொத்தக் குழுவுக்கும் அடுத்த கடன் நிற்கும். மைக்ரோ ஃபைனான்ஸ்காரர் பைக்கில் வீட்டுக்கே வருகிறார். ஆதார், போட்டோ, சில நாளில் பணம்.

விதிப்படி, சுய உதவிக் குழுவின் முதல் வங்கிக் கடன் குழுவின் நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. அடுத்த சுற்றில் எட்டு மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம். 10 லட்சம் வரை அடமானமோ சேமிப்புப் பிடித்தமோ கேட்கக் கூடாது. காகிதத்தில் இது நல்ல விதி. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் பிரித்துக்கொள்ளும்போது முதல் கடனில் ஒரு ஆளுக்கு வருவது 12,500-ஓ 15,000-ஓ தான். யாருக்கு உண்மையில் தையல் மெஷின் வேண்டும், யாருக்கு இப்போதைக்குக் கடனே வேண்டாம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். நடைமுறையில் சண்டை வேண்டாம் என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். வேண்டாதவர் தன் பங்கை வட்டிக்கு விடுவார், வேண்டியவர் மீதிக்கு வாரக் குழுவைத் தேடுவார்.

எனக்கு இதில் ரொம்பவே உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வங்கிகளிடமிருந்துதான். ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதற்காக இந்த நிறுவனங்களுக்குத் தரும் பணத்தை, விதிகளுக்கு உட்பட்டு, வங்கிகள் தங்கள் முன்னுரிமைத் துறைக் கடன் இலக்கில் காட்டிக்கொள்ளலாம். குழுப் பெண்களை ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பும் வங்கியின் பணமே, பைக்கில் சுற்றி இரண்டு மடங்கு வட்டியில் அதே தெருவுக்கு வந்து சேரலாம். சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை. சின்னக் கடனை வீடு வீடாகக் கொண்டுபோக ஆகும் செலவு அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் செலவை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள்.

கடன் வந்தால் தொழில் வந்துவிடுமா?

கிராம வளர்ச்சிக் கொள்கையின் ஆதாரமான நம்பிக்கையே இதுதான்: கடன் கொடு, தொழில் வரும், வருமானம் வரும். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ (2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள்) உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஹைதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் மைக்ரோ ஃபைனான்ஸ் வந்த பகுதிகளையும் வராத பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு சுருக்கமாக: ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு நன்மை. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை. அதே நேரத்தில் வேறு நாடுகளில் நடந்த இதே மாதிரி ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொன்னன.

ஏன்? ஒரு காரணம் தவணை. ஆட்டுக்குட்டி வாங்கினால் அது விற்கிற பருவத்துக்கு வர மாதக்கணக்காகும். வாரத் தவணையோ அடுத்த வாரமே ஆரம்பம். அப்போது அந்தத் தவணையை எதிலிருந்து கட்டுவது? கணவரின் கூலியிலிருந்து, அல்லது கடன் பணத்திலேயே கொஞ்சம் எடுத்து வைத்து, அல்லது இன்னொரு லோனிலிருந்து. கறவை மாடு என்றால் பால் பணம் உடனே வரும், சரி. ஆனால் மாடு பால் வற்றியிருக்கும் மாதங்களில் டியூ வற்றாது.

கொல்கத்தாவில் ஆய்வாளர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தார்கள். சிலருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளி ஆரம்பித்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்திருந்தார்கள், பிற்பாடு லாபமும் கூடியிருந்தது. கூடவே, கடன் கட்டாமல் விட்டவர்கள் எண்ணிக்கையும் கூடியது. துணிந்து தொழில் செய்தால் சிலர் தோற்கத்தான் செய்வார்கள். அந்த ரிஸ்க்கை எடுக்க எந்த நிறுவனமும் தயாராக இல்லை என்பதால்தான் தவணை அடுத்த வாரமே ஆரம்பிக்கிறது.

சுய உதவிக் குழுவில் இதற்கு இடம் உண்டு. கடன் குழுவின் கையில் இருப்பதால், “அவ ஆடு வித்ததும் கட்டட்டும்” என்று குழுவே முடிவெடுக்க முடியும். வங்கிக்குக் கட்ட வேண்டியதைப் பொது நிதியிலிருந்து சமாளிக்க முடியும். நல்ல குழுக்களில் இப்படி நடக்கிறது. குழுவின் பலம் குறைந்த வட்டியில் பாதி என்றால், மீதிப் பாதி இந்த நெகிழ்வில் இருக்கிறது.

ஆனால் அரசு இதை அளப்பதில்லை. அரசு அளப்பது கடன் தொகையை. தமிழ்நாடு பட்ஜெட்டில் 2025-26-க்கு அறிவித்த குழுக்களுக்கான வங்கிக் கடன் இலக்கு 37,000 கோடி ரூபாய். சில வருடங்களுக்கு முன் 20,000 கோடியாக இருந்தது. இலக்கு ஏறுகிறது, சாதனையும் ஏறுகிறது. அதில் எவ்வளவு தொழிலுக்குப் போனது, எவ்வளவு பழைய கடனை அடைக்கப் போனது என்ற வரி பட்ஜெட் உரையில் வராது.

மத்திய அரசு ஒரு படி மேலே போய் வருமானத்தையே இலக்காக வைத்திருக்கிறது. ‘லக்பதி தீதி’ திட்டம். குழு உறுப்பினரின் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1 லட்சத்தைத் தொட்டால் அவர் லக்பதி. 2023 சுதந்திர தின உரையில் 2 கோடிப் பெண்கள் என்று அறிவித்து, 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 3 கோடியாக உயர்த்தினார்கள். கடனை எண்ணுவதைவிட வருமானத்தை எண்ணுவது நல்ல மாற்றம்தான். ஆனால் ‘லட்சாதிபதி’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஒரு லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 8,333 ரூபாய். ஒரு ஆளுக்கல்ல, முழுக் குடும்பத்துக்கும்.

ஆர்டர் கொடுத்தால் என்ன ஆகும்?

கடனைத் தாண்டி அரசு செய்யக்கூடியது என்ன என்பதற்கு நல்ல உதாரணம், எதிர்பாராத இடத்தில் இருக்கிறது: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட திட்டம். கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் குழு உறுப்பினர்கள். இது கடன் அல்ல, வேலை. காலையில் இத்தனை பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும் என்ற நிச்சயமான தேவை. மதிப்பூதியம் போதாது, நேரத்துக்கு வருவதில்லை என்ற குறைகள் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு குழுவுக்கு ‘நாளைக்கும் வேலை இருக்கு’ என்ற உறுதியைக் கொடுத்த கொள்கைகள் அதிகமில்லை.

கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இந்த வழியில் நீண்ட தூரம் போய்விட்டது. வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிப்பது, மலிவு விலை ஹோட்டல் நடத்துவது, 2017-ல் கொச்சி மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது ஸ்டேஷன்களில் டிக்கெட் கவுன்ட்டர், பராமரிப்பு வேலை என்று உள்ளாட்சியும் அரசு நிறுவனங்களும் அந்தப் பெண்களுக்கு ஆர்டர் கொடுக்கின்றன. அங்கே குழு என்பது கடன் வாங்கும் இடம் மட்டுமல்ல, வேலை எடுக்கும் இடமும்கூட.

நம்மிடம் ‘மதி’ என்ற பிராண்ட் இருக்கிறது. நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி போட்டால் கூட்டம் வரும். ஊறுகாய், சிறுதானிய மிக்ஸ், பனை ஓலைப் பெட்டி எல்லாம் விற்கும். ஆனால் கண்காட்சி முடிந்த மறுநாள் அந்தக் குழு யாருக்கு விற்கும்? அப்பளமும் மசாலாப் பொடியும் நூறு குழுக்கள் செய்தால், ஒரு குழுவின் போட்டி பெரிய கம்பெனியோடு மட்டுமல்ல, பக்கத்து ஊர்க் குழுவோடும்தான்.

இந்த இடத்தில்தான் உலக வங்கிக் கடன் உதவியோடு 26 மாவட்டங்களில் 120 வட்டாரங்களில் நடத்தப்பட்ட ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டம் கவனிக்க வேண்டியது. அது கடனைச் சமமாகப் பிரிக்கும் யோசனையைக் கைவிட்டு, ஏற்கெனவே தொழில் செய்கிற, செய்யத் தெரிந்த பெண்ணைத் தேடியது. வங்கிக் கடனோடு 30 சதவீதம் இணை மானியம். தொழில் திட்டம் எழுத, உரிமம் வாங்க, கணக்குப் பார்க்க உதவும் சேவை மையங்கள். ஹைதராபாத் ஆய்வு சொன்னதும் ஏறக்குறைய இதுதானே: தொழில் இருக்கிறவருக்குக் கடன் வேலை செய்கிறது. இல்லாதவருக்கு முதலில் கடன் தீர்வல்ல, வேலையும் கூலியும்தான் தேவை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததுதான் 30 வருடங்களாக நடந்த குழப்பம்.

மிரட்டினால் சட்டம் என்ன சொல்கிறது?

2010-ல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் செய்தியாகி, அந்த மாநில அரசு அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. வசூல் அப்படியே நின்று, பல நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் அந்த விதிகள் மாறின. வட்டிக்கு இருந்த உச்சவரம்பு போய்விட்டது. வட்டி ‘கந்துவட்டி’ மாதிரி இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, முடிவை நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. 2024 அக்டோபரில் அதே ரிசர்வ் வங்கி, அதிக வட்டி உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கத் தற்காலிகத் தடை போட வேண்டிவந்தது.

2022 விதிகளில் கடன் வாங்கியவருக்குப் பயன்படும் சில விஷயங்கள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவர அட்டை தர வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்து வசூல் கேட்கக் கூடாது. பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல், கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம்.

பாதி வருமானம் என்ற விதியில் ஒரு ஓட்டை. வருமானத்தைக் கணக்கிடுவது கடன் கொடுப்பவர். இலக்கு வைத்து ஓடும் ஊழியர் ஃபாரத்தில் எந்த எண்ணை எழுதுவார் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சுய உதவிக் குழுக் கடன் குழுவின் பெயரில் இருப்பதால், அது தனி ஆளின் சிபில் கணக்கில் முழுசாகத் தெரியாமலும் போகலாம்.

2025-ல் கர்நாடகத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஏப்ரலில் பேரவையில் நிறைவேறியது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தினரையோ மிரட்டுவது, அவமானப்படுத்துவது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, ஆவணங்களைப் பறிப்பது எல்லாம் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ‘டியூ கட்டிட்டு வாங்கிக்கோ’ என்று சொல்வதெல்லாம் இதில் வரும்.

எனவே அடுத்த முறை ‘குழு டியூ’ என்று போன் வந்தால் பணத்தோடு சேர்த்து இரண்டு கேள்வியும் அனுப்பலாம். பாஸ்புக் யார் பெயரில் இருக்கு? சேமிப்பு எவ்வளவு இருக்கு? குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும் பொதுச் சேமிப்பும் இருந்தால் அது சுய உதவிக் குழு. தவணை அட்டையில் ஒரு கம்பெனியின் பெயரும் அம்மாவின் பெயரும் மட்டும் இருந்தால் அது மற்றது. அந்த அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, வட்டி ஃபிளாட்டா குறையும் அசலா, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள். கையில் பணம் இருந்தால் முன்கூட்டியே அடைப்பது எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். நிறுவனத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். மிரட்டல் என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.